புறவாசல் சருகை என்ன செய்வது? ஐப்பசி மழைக்கு முன் நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

ஆனியில் எழும்பும் மேல்காற்று புரட்டாசியில் ஓயும்போது, நெல்லைப் பக்கத்துப் புறவாசல்களில் மூன்று நான்கு மாதச் சருகு சேர்ந்துவிடும். செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் அனுப்பும் காற்று மேற்கேயிருந்து அடிப்பதால், பெரும்பாலும் கிழக்குச் சுவரோரம்தான் குவியல். வேப்பஞ்சருகு, முறிந்த முருங்கைக் கொப்பு, தென்னை மட்டை, பாளை, சில்லாட்டை (மட்டையடியில் இருக்கும் நார்வலை), வாதாம் இலை எல்லாம் கலந்து கிடக்கும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்து ஐப்பசி வருகிற வரை நமக்கு ஒரு மாதம் இருக்கிறது. சரஸ்வதி பூசைக்கு வீட்டைக் கழுவுகிற கையோடு புறவாசலையும் முடித்துவிடலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் கூட்டிய சருகை எரிப்பதா, குழியில் தள்ளுவதா, மரத்தடியில் பரப்புவதா, குப்பை வண்டியில் ஏற்றிவிடுவதா என்பதில் வேலை நின்றுவிடும். வாசகர்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மரம் உள்ள வீட்டில் விழுந்த சருகில் பெரும்பங்கு அந்த வளவைத் தாண்டிப் போகத் தேவையில்லை. அதை எங்கே, எப்போது, எவ்வளவு கனத்துக்குப் போடுவது என்பது மட்டும் மண்ணுக்கு மண் மாறும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

மழைக்கு முன் முடியுமா? பாதியில் நின்ற வேலை தொடங்காத வேலையைவிடக் கேடு. அரைகுறையாகக் குவித்த சருகு முதல் மழையில் நனைந்தால் அள்ளவும் முடியாது, எரியவும் எரியாது.

தண்ணீர் போகும் வழியை அடைக்குமா? 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையில் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அந்த அளவு மழைக்கு எந்த வீட்டு ஓடையும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே புறவாசல் குளமாகிறது என்றால், பெரும்பாலும் ஓடை வாயில் சருகு அடைத்திருக்கும்.

எது வந்து குடியேறும்? பாம்பு, தேள், பூரான், கொசு, கரையான், தென்னை இருந்தால் காண்டாமிருக வண்டு.

மண்ணுக்கு என்ன திரும்பும்? இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம்.

மறைந்த செலவு என்ன? ஆள்கூலி, இடம், தொடர்ந்து பார்க்க வேண்டிய வேலை, அக்கம்பக்கத்து மனவருத்தம்.

## முதலில் பிரிக்க வேண்டும்

எந்த வழியை எடுத்தாலும் ஒரே குவியலாகக் கூட்டக் கூடாது. வாருகோலை எடுக்கும் முன்பே நான்கு இடம் ஒதுக்குங்கள்.

1. மெல்லிய சருகு: வேம்பு, புளி, முருங்கை, காய்ந்த புல்.
2. கடினமானவை: தென்னை மட்டை, பனையோலை, பாளை, மா, வாதாம், பூவரசு இலை.
3. விறகு: மணிக்கட்டுக் கனத்துக்கு மேலான கொப்புகள்.
4. மண்ணில் சேரக் கூடாதவை: பிளாஸ்டிக், கண்ணாடி, ஓட்டாஞ்சில்லு, உடைமுள், நோய் விழுந்த செடி, விதை பிடித்த பார்த்தீனியமும் நெருஞ்சியும், வேரில் முடிச்சு விழுந்த தக்காளி, கத்தரிச் செடிகள்.

சிரட்டை, பழைய டயர், உடைந்த பூந்தொட்டி ஆகியவற்றை அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் பட்டதும் 7 முதல் 10 நாளில் கொசுவாகிப் பறக்கும். சிரட்டையைக் கவிழ்த்து வைப்பது தற்காலிகம்தான். அடுப்புக்குக் கொடுத்துவிடுவது உத்தமம்.

கோரையைப் பிடுங்கினால் கிழங்கோடு ஒரு வாரம் சிமெண்டுத் தரையில் வெயில்காய வையுங்கள். பச்சையாக மூடாக்கில் (மண்மேல் பரப்பும் சருகுப் போர்வையில்) போட்டால் தோட்டம் முழுக்கக் கோரைதான்.

## ஒரு பார்வையில்

| | மூடாக்கு | உரக்குவியல் / குழி | வண்டியில் அனுப்புவது | எரிப்பது |
|---|---|---|---|---|
| வேலை | ஓராளுக்கு அரைநாள் | முதல் நாள் முழுநாள், பிறகு மாதம் ஒரு மணி நேரம் | கட்டி ஏற்ற அரைநாள் | ஒரு மணி நேரம், காவல் தனி |
| இடம் | மரத்தடி போதும் | குறைந்தது 4 அடிக்கு 4 அடி | வேண்டாம் | சுவர், மரம், கூரையிலிருந்து தள்ளி வெட்டவெளி |
| மண்ணுக்கு | ஈரம், மெதுவாகச் சத்து | 3, 4 மாதத்தில் உரம் | ஒன்றுமில்லை | கொஞ்சம் சாம்பல். தழைச்சத்து போய்விடும் |
| முக்கிய ஆபத்து | வெள்ளத்தில் மிதப்பது, தண்டழுகல் | காண்டாமிருக வண்டு, நாற்றம் | வண்டி வராத நாள் | புகை, தீப்பொறி, மரத்தில் சூடு |
| எது பொருந்தும் | செம்மண், தேரி (செம்மணல்), மரமுள்ள வீடு | காய்கறித் தோட்டம், மாடு உள்ள வீடு | முள், நோய்ச்செடி, சிமெண்டு முற்றம் | பரிந்துரைப்பதில்லை |

## மூடாக்கு

நான்கில் செலவு குறைந்தது இது. தவறாகச் செய்தால் மரத்தையே கொல்வதும் இதுதான்.

நேரம்தான் முதல் விஷயம். காய்ந்த மண்ணின்மேல் புரட்டாசியிலேயே நாலு அங்குலம் பரப்பிவிட்டால், ஐப்பசியின் முதல் தூறல்களைச் சருகே குடித்துவிடும், வேருக்குப் போகாது. ஒரு நல்ல மழை பெய்து, மம்பட்டியால் வெட்டிப் பார்த்தால் அரை அடி ஆழத்துக்கு ஈரம் தெரிந்த பிறகே பரப்ப வேண்டும். அதுவரை சருகை வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, நடமாட்டம் இல்லாத மேட்டில், மழைபடாமல் மூடி வையுங்கள். மூடாக்குக்கு இருக்கிற பெரிய சிரமம் இந்தக் காத்திருப்புதான். பத்துப் பதினைந்து நாள் கிடந்த குவியலைக் கையால் அள்ளக் கூடாது. கம்பால் தட்டி, முள்கரண்டியால் இழுத்துப் பிரித்த பிறகே கடகத்தில் அள்ளுங்கள். கட்டுவிரியன் பகலில் அசையாமல் சருகுக்குள் சுருண்டு கிடக்கும்; இரவில்தான் இரை தேடிக் கிளம்பும். அதனால் இந்த வேலைக்கு விடிந்த பிறகான வெளிச்சமும் கால்மூடிய செருப்பும் கட்டாயம்.

கனம், செம்மண்ணிலும் தேரி மணலிலும் 4 அங்குலம். திசையன்விளை, ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்து மண் ஈரத்தைப் பிடித்து வைக்காது. மழை நின்ற பத்தே நாளில் மேல்மண் பொடியாகிவிடும். அங்கே மூடாக்கு தருகிற பலனை வேறெதுவும் தராது. மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசலில் 2 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். கரிசல் தானாகவே ஈரத்தைப் பிடித்திருக்கும். அதன்மேல் கனமாக மூடினால் வேருக்குக் காற்று கிடைக்காது. கரிசல் வீட்டில் மிச்சச் சருகைச் சாக்கில் கட்டி மழைபடாமல் வைத்திருந்து, தையில் மழை ஓய்ந்ததும் இரண்டாம் அடுக்காகப் போடலாம்.

தென்னைக்கு அளவு தெளிவாகவே இருக்கிறது. மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி. அதில் காய்ந்த மட்டை 15, அல்லது கதம்பை (உரித்த தேங்காய் மட்டை) 100. ஒரு தென்னை வருசத்துக்கு 12 முதல் 14 மட்டை உதிர்க்கும். அதாவது அந்த மரம் தனக்கு வேண்டிய மூடாக்கைத் தானே கொடுத்துவிடுகிறது. நாம் எடுத்து வெளியே போடாமல் இருந்தால் போதும். மட்டையின் தடித்த அடிப்பகுதியை வெட்டி விறகுக்கு எடுத்துக்கொண்டு, ஓலைப்பகுதியை இரண்டு மூன்று துண்டாக்கிப் பரப்புங்கள். கதம்பையை அடுக்கினால் குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் ஒவ்வொன்றும் ஒரு கொசுத்தொட்டி.

தண்டைத் தொடும்படி எதையும் மூடக் கூடாது. சாதாரண மரத்துக்கு அரை அடி, எலுமிச்சைக்கு ஒரு அடி இடைவெளி விடுங்கள். எலுமிச்சையின் அடித்தண்டில் நனைந்த சருகு ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகிப் பிசின் வடியும். கவனிக்காமல் விட்டால் அடுத்த கோடையில் மரம் பட்டுப்போகும். பப்பாளிக்கு அடித்தண்டுப் பக்கமே சருகு வேண்டாம், மண்ணை அணைத்து மேடாக்கி விட்டாலே போதும். முருங்கையும் அப்படித்தான். வாழைக்கு எவ்வளவு போட்டாலும் தாங்கும்.

வாதாம், பூவரசு போன்ற அகன்ற இலைகளைத் தனியாகப் பரப்பினால், ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து மழைத்தண்ணீரை வெளியே வழியவிட்டுவிடும். அரிவாளால் இரண்டு மூன்றாகக் கொத்தி, வேப்பஞ்சருகு, சிறு குச்சியோடு கலந்து போடுங்கள். புளியிலை சீக்கிரம் மட்கும், இடுக்கில் புகுந்து மண்ணோடு ஒட்டும். அது கிடைக்கிற வீட்டுக்காரர்கள் ஒரு கைப்பிடிகூட வெளியே விடக் கூடாது.

சருகை மண்ணுக்குள் கொத்திப் புதைக்காதீர்கள். காய்ந்த இலையில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. மண்ணுக்குள் போனதும் நுண்ணுயிர்கள் அதை மட்கவைக்க மண்ணில் இருக்கிற தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் செடி வெளுத்துப்போகும். மேலேயே கிடந்தால் அந்தக் குறை வராது.

வீட்டுச் சுவரைச் சுற்றி 3 அடி வெறுந்தரையாக இருக்கட்டும். செம்மண்ணில் கரையான் சருகு வழியாக வந்து கதவு நிலையில் ஏறும். ஊர்வன ஏதும் வந்தாலும் வெறுந்தரையில்தான் கண்ணுக்குத் தெரியும்.

நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய், கோடகன் கால் ஓரத்துத் தாழ்ந்த மனைகளில் மெல்லிய சருகு மூடாக்கு மிதந்துபோய் ஓடையை அடைக்கும். அங்கே சருகின்மேல் தென்னை மட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாரம் வையுங்கள். வருசா வருசம் முழங்கால் தண்ணீர் நிற்கிற மனை என்றால் மூடாக்கைத் தைக்குத் தள்ளிப்போடுவதே சரி.

## உரக்குழியா, தரைக்கு மேல் குவியலா

இதில் பலரும் இடறுவது குழியில்தான். ஊர்ப்பக்கம் உரக்குழி பழகிய ஒன்று என்பதால், கரிசல் வீட்டிலும் மூன்றடிக் குழி வெட்டுவார்கள். ஐப்பசியில் தண்ணீர் வடியாமல் நின்று, காற்றில்லாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கரிசலிலும், ஆற்றோரத்து வண்டல் மண்ணிலும் தரைக்கு மேல் குவியல்தான் சரிப்படும். சரளும் செம்மண்ணும் உள்ள மேட்டு மனையில் குழி நன்றாக வேலை செய்யும்: 3 அடி அகலம், 3 அடி ஆழம், தேவைப்பட்ட நீளம், ஓட்டத்தண்ணீர் இறங்காதபடி சுற்றிலும் அரை அடி வரப்பு. இரண்டுக்கும் பொதுவாக, கிணற்றிலிருந்து 50 அடியும் வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியும் தள்ளியிருக்க வேண்டும்.

குவியலை எழுப்பும் முறை:

- அடியில் அரை அடிக்கு முருங்கைக் கொப்பு, குச்சி. காற்று கீழேயிருந்து ஏற இதுதான் வழி.
- அதன்மேல் 8 அங்குலம் நறுக்கிய சருகு.
- 2, 3 அங்குலம் பச்சை: புல், காய்கறிக் கழிவு, வாழைத்தோல்.
- சாணிக் கரைசல் ஒரு வாளி தெளித்து, மண் ஒரு கூடை தூவல்.
- இதே வரிசையில் 4 அடி உயரம் வரை.

கன அளவில் காய்ந்தது மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு என்று நினைவில் வைத்தால் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறைந்தால் உள்ளே சூடு ஏறாது; சூடு ஏறாவிட்டால் களைவிதை சாகாது. நான்காம் ஐந்தாம் நாள் கம்பியை உள்ளே செருகி எடுத்தால் கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும்.

ஈரத்துக்குச் சோதனை எளிது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. அதனால்தான் மழைக்காலக் குவியலுக்கு மூடி அவசியம். முடைந்த தென்னங்கிடுகோ தார்ப்பாயோ சரிவாகப் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். மூடாத குவியலில் சத்தெல்லாம் மழையோடு கரைந்து ஓடிவிடும். 20-ஆம் நாள் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை புரட்டவேண்டும். மூக்கை எரிக்கும் நெடி அடித்தால் பச்சை கூடிவிட்டது, சருகு சேருங்கள். அழுகல் நாற்றம் என்றால் தண்ணீர் கூடிவிட்டது, பிரித்து உலரவிட்டுத் திரும்ப அடுக்குங்கள். நாற்றமும் இல்லை சூடும் இல்லை என்றால் சாணிக் கரைசல் இன்னொரு வாளி வேண்டும்.

தென்னை மட்டையை முழுசாக உள்ளே திணிப்பதால் பயனில்லை. விரல் நீளத்துக்கு நறுக்கினாலும் மற்றவற்றைவிட இரண்டு பங்கு காலம் எடுக்கும். அதன் இடம் மூடாக்குதான்.

இந்த வழியின் பெரிய மறைசெலவு காண்டாமிருக வண்டு. தாய்வண்டு முட்டையிடத் தேடுவது மட்கும் உரக்குழியையும் உளுத்த தென்னந்தடியையும்தான். தென்னங்குருத்து விரியும்போது ஓலையில் முக்கோண வெட்டு தெரிந்தால், வண்டு பிறந்த இடம் உங்கள் குவியலாகவே இருக்கலாம். ஒவ்வொரு புரட்டலிலும் பெருவிரல் கனத்தில், வளைந்து, தலை பழுப்பாக இருக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி எடுங்கள். கோழி வளர்ப்பவர்கள் குவியலைப் பிரித்துப் போட்டு நின்றால் போதும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையைக் குவியலில் கலப்பதும் பலன் தரும். அதற்கு ஈரம் வேண்டும் என்பதால் மழைக்காலம்தான் ஏற்றது. மரத்துக்குக் காவலாக, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து 150 கிராம் எடுத்து, நடுக்குருத்தை ஒட்டிய மூன்று மட்டைக் கக்கங்களில் (மட்டை மரத்தோடு சேரும் இடுக்குகளில்) போட வேண்டும். இந்த வேலைகளுக்கெல்லாம் ஆளில்லாத, நாலைந்து தென்னை நிற்கிற வீட்டில் குவியல் வேண்டாம் என்றே சொல்வோம்.

சரியாகப் போனால் தை கடைசி, மாசியில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கி, மழை பெய்த மண்வாடையோடு கறுப்பாக உதிரும். கோடைக் கீரைக்கும் வெண்டைக்கும் அந்த உரம் நேராகக் கைகொடுக்கும்.

## வண்டியில் அனுப்புவது

திருநெல்வேலி மாநகராட்சிப் பகுதியானால் தினசரி வரும் வண்டிக்கு மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். கொப்பும் மட்டையுமாக ஒரு பாரம் சேர்ந்தால் அந்த வண்டியில் ஏறாது. முன்கூட்டிச் சொல்லித் தனி வண்டி கேட்கவேண்டும், இல்லாவிட்டால் மினி டெம்போ பிடிக்க வேண்டும். புரட்டாசிக் கடைசி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதால், இந்த வழியை எடுப்பவர்கள் செப்டம்பரிலேயே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. ஊராட்சிகளில் தூய்மைக் காவலரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வரவில்லை என்று தெருவோரம் தள்ளிவிட்டால், முதல் மழையில் அது தெரு ஓடைக்குள் போய் எல்லோர் வாசலிலும் தண்ணீரை ஏற்றும்.

கூலி, வண்டி வாடகை கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவு ஒன்று உண்டு: புரட்டாசியில் காசு கொடுத்துச் சருகை அனுப்பிவிட்டு, தையில் காசு கொடுத்துத் தொழுவுரம் மூட்டை மூட்டையாக வாங்குவது. பாளையங்கோட்டைப் பக்கத்துச் சரள் மனைகளில் இது வருசா வருசம் நடக்கிறது.

முள், நோய்ச்செடி, அரளி, மட்காத குப்பை ஆகியவற்றுக்கு வண்டிதான் சரி. முற்றம் முழுக்கச் சிமெண்டு போட்டு, ஒரே ஒரு வேம்பு நிற்கிற வீட்டுக்கும் வேறு நல்ல வழி இல்லை. விறகுக் கொப்பை மட்டும் தனியே கட்டி வையுங்கள், அடுப்புக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

## எரிப்பது

சீக்கிரம் முடியும், காசு இல்லை, கொசுவும் ஓடும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படும். புகை அடங்கியதும் கொசு திரும்பிவிடும். எரிந்த சருகின் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றில் போகும். எஞ்சுவது சாம்பலில் கொஞ்சம் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும். செம்மண்ணில் செடிக்கு ஒரு கைப்பிடி தூவலாம். கரிசலும் சுண்ணாம்புச் சரளும் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளவை, அங்கே சாம்பல் கேட்டைக் கூட்டும்.

தென்னையடியில் தீ வைப்பதை மட்டுமாவது கைவிடுங்கள். மற்ற மரங்களைப் போல் தென்னந்தண்டு புதுப்பட்டை கட்டிக் காயத்தை மூடாது; ஒருமுறை கருகிய இடம் மரம் உள்ளவரை அப்படியே இருக்கும், மழைத்தண்ணீர் அதில் இறங்கும். அரளிக் கொப்பு நச்சு, அதன் புகையும் நச்சு. ஓய்ந்ததென்று நினைத்த மேல்காற்று மத்தியானம் திடீரென்று எழும்பினால் பொறி பக்கத்து வீட்டு வைக்கோல் படப்புக்குப் போகும். மூச்சுத் தொல்லை உள்ள முதியவர் இருக்கிற அடுத்த வீட்டுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

## எந்த வீட்டுக்கு எது

தென்னையும் வேம்பும் நிற்கிற செம்மண் மனை: மட்டையும் சருகும் மூடாக்குக்கு. குவியல் வேண்டாம். முள்ளும் நோய்ச்செடியும் வண்டிக்கு.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து ஆற்றுப்பாசன வீடு, மாடு உண்டு, காய்கறிப் பாத்தி உண்டு: மெல்லிய சருகு தரைமேல் குவியலுக்கு, கடினமானவை வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்காக. சாணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போது குவியலைப் போல லாபம் வேறில்லை.

கரிசல் மனை: 2 அங்குல மூடாக்கு, மூடிபோட்ட குவியல். குழி வெட்டவே வேண்டாம்.

டவுன் பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, புறவாசல் பத்தடிக்குள்: சருகைச் சாக்கில் அமுக்கிக் கட்டி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டு, கொஞ்சம் சாணிக் கரைசல் ஊற்றி, இரண்டு செங்கல்மேல் நிழலில் வையுங்கள். ஏழெட்டு மாதத்தில் தொட்டிச் செடிக்குப் போதுமான இலைமட்கு கிடைக்கும். கொள்ளாதது வண்டிக்கு.

வாடகை வீடு, அல்லது கார்த்திகை வரை ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கப்போகிற வீடு: எதையும் குவித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். தென்னையடியில் மட்டையை மட்டும் பரப்பிவிட்டு மிச்சத்தை வண்டியில் ஏற்றுங்கள். பூட்டுவதற்கு முன் ஓடை வாயில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைச் சாய்வாக வைத்து, பக்கத்து வீட்டாரிடம் முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை அதைத் தட்டிவிடச் சொல்லுங்கள்.